வண்டிக்குள் போட்ட கட்டில்

செய்தி நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் கொடுக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. காலை ஷிப்ட். மதராஸ் லைன் கிடைக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு வியாபாரியைச் சமாதானப்படுத்திவிட்டு போர்டில் எரிந்த அடுத்த விளக்குக்கு வந்தேன். "பாக்கியம்மாவா?" என்றது ரஹீம் பாயின் குரல். சிவாஜிநகரில் ஏதோ கடையிலிருந்து பேசினார். பின்னால் பஸ்காரர்கள் கத்துவது கேட்டது. "டியூட்டி முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வா தங்கச்சி. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அவசரம் என்று சொல்லியிருந்தால் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும். "எப்போ பாய்?" என்று கேட்டேன். "இப்பத்தான்" என்றார். காய்ச்சல் என்று படுத்து, நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் கூட ஆகவில்லை. சுலோசனா போய்விட்டாள்.

ஆஸ்டின் டவுன்காரர்களுக்கும் எங்கள் எக்ஸ்சேஞ்ச் தோழிகளுக்கும் அவளைப் பற்றி நான் புதிதாக அறிமுகம் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் உங்களில் பலர் அவளை நோய்வாய்ப்பட்டவளாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பது துக்கம் கேட்க வந்தவர்கள் பேசியதிலிருந்து தெரிந்தது. "பாவம், படுத்த படுக்கையா கெடந்தவ" என்று ஒரு அம்மாள் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மரியாதைக்காக அவளை 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலையில் சேர்ந்தோம். அவள் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர் அவள் அப்பா. தமிழ், கன்னடம், சுரங்கத்து துரைமார் வீடுகளில் காதில் விழுந்த ஆங்கிலம், மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். போர்டில் யார் கத்தினாலும் அவள் குரல் ஏறாது. கத்துகிறவர் ஓயும்வரை காத்திருந்து, "சொல்லி முடிச்சிட்டீங்களா? இப்போ நம்பர் சொல்லுங்க" என்பாள். அதற்கு மேல் யாரும் கத்தியதில்லை.

அவள் கணவர் தேவராஜ் அண்ணன் சிவாஜிநகரில் மைக் செட், விளக்கு வாடகைக் கடை வைத்திருந்தார், இன்றும் வைத்திருக்கிறார். கூட்டாளி ரஹீம் பாய். ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஸ்டேஷன் வேகன்தான் கடையின் உயிர். ஜீப்பைப் போலவே முகம், ஆனால் பின்பக்கம் நீளம், மேலே முழுக்கத் தகரக் கூரை, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல். கல்யாணம், திருவிழா, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரும் கம்பங்களும் அதில்தான் போகும்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் சுலோசனாவுக்கு முதுகுவலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்வதால் என்று எல்லோரும் சொன்னோம். ஒருநாள் போர்டை விட்டு எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதுகெலும்பில் டி.பி. என்று தெரிந்தது. ஊசி தினமும் போட்டார்கள். உடம்பின் அச்சிலேயே ஒரு மாவுக்கட்டுத் தொட்டி செய்து, அதில் அவளை மல்லாக்கக் கிடத்தினார்கள். புரளக் கூடாது, எழக் கூடாது. எத்தனை காலம் என்று கேட்டதற்கு, எலும்பு கூடும்வரை என்றார் டாக்டர்.

அவளைப் பார்த்துக்கொண்டவர் ராஜம்மாக்கா. தேவராஜ் அண்ணனின் மூத்த சகோதரி. கணவர் இறந்தபின் தம்பியோடு வந்து இருந்தவர். துடைப்பது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் பவுடர் போடுவது எல்லாம் அவர் கைதான். வாய் மட்டும் கொஞ்சம் கடுமை. நான் ஞாயிறுதோறும் போவேன். முதல் சில மாதம் சுலோசனா எக்ஸ்சேஞ்ச் கதை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நாள் முழுக்கப் பேசுவதையே தொழிலாக வைத்திருந்தவள், கூரை ஓடுகளைப் பார்த்தபடி கிடந்தாள். சோற்றை இரண்டு வாயோடு தள்ளினாள். "இவ கூட இருக்கறது செவுரு கூட இருக்கற மாதிரி இருக்குது" என்று ராஜம்மாக்கா சமையலறையில் என்னிடம் அழுதார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் தேவராஜ் அண்ணன் வண்டியிலிருந்து கம்பங்களை இறக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. படுக்கையிலிருந்து தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்த சுலோசனா, "அந்தக் கம்பு எவ்ளோ நீளம்?" என்று கேட்டாள். பல வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அண்ணன் கம்பைக் கையிலேயே பிடித்தபடி உள்ளே ஓடி வந்தார். "ஏழடி இருக்கும். ஏன்?"

"அது வண்டில முழுசா போவுதே. நான் அஞ்சடிதானே. நான் போவ மாட்டனா?"

ராஜம்மாக்காதான் முதலில் பேசினார். "நல்லா இருக்குது கதை. பொணத்த ஏத்திக்கினு போற மாதிரி ஊரே பாக்கும்."

"பொணம் வேடிக்கை பாக்குமா அக்கா? நான் பாப்பேன்" என்றாள் சுலோசனா.

டாக்டரிடம் அவளே பேசினாள். வீட்டில் அசையாமல் படுத்திருப்பதும் வண்டியில் அசையாமல் படுத்திருப்பதும் ஒன்றுதானே என்பது அவள் வாதம். டாக்டர் புது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மறு மாதமும் ஒன்று எடுத்துப் பார்த்து, "தொட்டியை விட்டு உடம்பு எழும்பக் கூடாது. குலுங்கக் கூடாது. யார் தூக்கினாலும் வளையக் கூடாது. இதெல்லாம் முடியுமென்றால் போங்கள்" என்றார். முடியாது என்று அவர்கள் திரும்பி வருவார்கள் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

வேலை அன்றைக்கே ஆரம்பித்தது. வண்டி கடைக்கு வேண்டும் என்பதால் கட்டில் நிரந்தரமாக இருக்க முடியாது. கல்யாணம் வந்தால் கழற்றி வெளியே வைக்க வேண்டும். முடிந்தால் மறுபடி மாட்ட வேண்டும். வண்டித் தரையில் ஓட்டை போடவும் அண்ணனுக்கு மனமில்லை; துரு பிடிக்கும் என்றார். முதலில் அவரும் பாயும் பெரிய இறக்குமதிச் சாமான் வந்த பெட்டிப் பலகைகளை வைத்து நான்கு காலோடு ஒரு மேஜை மாதிரி அடித்தார்கள். அதைச் சுலோசனாவின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இங்கேர்ந்து என்ன தூக்கி வாசலுக்கு, வாசல்லேர்ந்து தூக்கி வண்டிக்கு, அங்கேர்ந்து இது மேல. மூணு வாட்டி தூக்குவீங்க. மூணு வாட்டில ஒரு வாட்டி வளையும்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"என்னத் தூக்காதீங்க. பலகையத் தூக்குங்க."

நாங்கள் நால்வரும் அவளோடு பழகிய காலத்தில் அவள் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அது. கட்டில் இரண்டு பாகமானது. வண்டிக்குள், சக்கரத்தை மூடிய இரண்டு தகரப் பெட்டிகளின் மேல் பக்கத்துக்கொன்றாக நீளச் சட்டம். சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை. அதன் மேல் மேஜை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் தனிப் பலகை ஒன்று, கை நுழைத்துத் தூக்க ஓரத்தில் துவாரங்களோடு. வீட்டிலேயே மாவுக்கட்டுத் தொட்டியோடு அவளை அந்தப் பலகையில் வைத்துவிட்டால், பிறகு பலகைதான் பயணம் செய்யும். பெட்டி மரத்தை விட்டுவிட்டு சில்வர் ஓக் வாங்கினார்கள். சட்டம் தகரத்தில் நழுவாமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார்கள். முன் சீட்டின் இரும்புக் காலோடு தோல் பெல்ட்டால் கட்டினார்கள். ஆணி ஒன்றுகூட வண்டியில் இறங்கவில்லை.

உயரம்தான் பெரிய சண்டை. பலகை உயர்ந்தால் கூரை மூக்கில் இடிக்கும். தாழ்ந்தால் ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். "வானத்த நான் ஜன்னல்ல பாத்துக்கினுதானே கெடக்கறேன். எனக்கு ரோட்டுல நடக்கறவங்க மூஞ்சி தெரியணும்" என்றாள். அண்ணன் வண்டிக்குள் படுத்துப் படுத்துப் பார்த்து, சட்டத்தை இழைத்து இழைத்து, கடைசியில் அவள் கேட்ட உயரத்துக்குக் கொண்டுவந்தார்.

ஓட்டிப் பார்க்கும்போது பலகையில் படுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுலோசனாவின் கண் என் மேல் விழுந்தது. "பாக்கியமும் என் உசரந்தான். அவ படுக்கட்டும்." அப்படி நான் ஒரு ஞாயிறு காலை பலகையில் படுத்து, இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, அல்சூர் ஏரிப் பக்கம் போனேன். புறப்படும் முன் அவள் உள்ளேயிருந்தே ரஹீம் பாயிடம், "நாய் குறுக்க வந்தா பிரேக்க எப்பிடி மிதிப்பீங்களோ அப்பிடி ஒரு வாட்டி மிதிங்க பாய்" என்று சொல்லியிருந்தாள். பாய் நேர்மையான மனிதர். ஏரிக்கரையில் நன்றாகவே மிதித்தார். பலகை சட்டத்தின் மேல் சர்ரென்று முன்னால் பாய்ந்து, என் தலை முன் சீட்டில் மோதி, எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. "யா அல்லா!" என்று பாய் இறங்கி ஓடி வந்தார். வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணன் சட்டத்தைக் கழற்றி வெளியே எறியப் போனார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவள் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சுலோசனா என் தலையில் வீங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதா?"

"வலிக்காம?"

"மன்னிச்சிக்க. ஆனா இப்பத்தானே தெரிஞ்சிது" என்றாள். அண்ணனிடம், "எறியாதீங்க. ஒரு தாழ்ப்பாள் போடுங்க" என்றாள். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, பலகை முழுக்க உள்ளே போனதும் தானே விழுந்து பிடித்துக்கொள்ளும் மரத் தாழ்ப்பாள் இரண்டு செய்தார்கள். அடுத்த ஞாயிறும் நான்தான் படுத்தேன். இந்த முறை பாய் இரண்டு தடவை மிதித்தார். பலகை அசையவில்லை.

மார்கழியில் கல்யாணம் இல்லை, வண்டிக்கு வேலை இல்லை. அப்போதுதான் புறப்பட்டோம். எங்கே என்று கேட்டதற்கு, "கோயிலுக்கு வேணாம். சொந்தக்காரங்க வீட்டுக்கு வேணாம். தண்ணி இருக்கற எடமா, ஒரு மரம் இருந்தா போதும்" என்றாள். ஹெசரகட்டா ஏரி. அண்ணன் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். வழியெல்லாம் அவள் ஒரு கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, முன்னால் வரும் சாலையை அதில் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் செய்தி வாசித்தாள். கரும்பு வண்டி வருகிறது, ஒருவன் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் போகிறான், ஒரு பெண் சிவப்புச் சேலை. ராஜம்மாக்கா கட்டிலுக்குக் கீழே இருந்த இடத்தில் அடுப்பு, அரிசி, தண்ணீர்க் குடம் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். வர மாட்டேன் என்று சொன்னவர், புறப்படும்போது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஏரிக்கரையில் ஆலமரத்தடியில் நிறுத்திப் பின்கதவைத் திறந்ததும் காற்று உள்ளே வந்தது. சுலோசனா அழுதாள். அந்த நோய்க்காலம் முழுவதிலும் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அண்ணன் எதுவும் தெரியாதவர் போல டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பலகையைப் பார்த்து, மாவுக்கட்டைப் பார்த்து, என்ன ஆயிற்றோ என்ற முகத்தோடு, "ஏனாயித்தம்மா?" என்று கேட்டாள். சுலோசனா கன்னடத்தில், "ஏனூ இல்லா, சும்னே பந்தே" என்றாள். ஒன்றும் இல்லை, சும்மா வந்தேன். அந்தப் பதிலில் அவர்களுக்கு ஏனோ திருப்தி. சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று சுலோசனா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். இரவு அவள் வண்டியில், ராஜம்மாக்காவும் நானும் முன் சீட்டுகளில், ஆண்கள் வெளியே தார்பாயில். விடியும்போது ஏரி முழுக்கப் பறவை. "இதுங்கள எல்லாம் யாருடா இத்தினி காலையில எழுப்பறது?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுச் சிரித்தது என் காதில் விழுந்தது.

அந்த மார்கழியிலும் அதற்கடுத்த கல்யாணமில்லாத மாதங்களிலும் கிடைத்த நாளில் எல்லாம் போனோம். தங்கவயலுக்குப் போய் அவள் அப்பாவைப் பார்த்தோம். மகளைப் பலகையோடு வீட்டுக்குள் இறக்கியதும் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது சரியா இருக்குதாப்பா?" என்று கேட்டாள். "தெனம் உன்ன பூமிக்குள்ள எறக்கினு போன சுரங்கக் கூண்டவிட இது நல்லா இல்ல?" அவர் தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுடி" என்று மட்டும் சொன்னார்.

காற்று குணப்படுத்தியது, ஏரி குணப்படுத்தியது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. குணப்படுத்தியது ஊசியும் மருந்தும். ஆனால் சோறு இறங்கினால்தான் மருந்து வேலை செய்யும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். எலும்பு கூடியது. தொட்டியை எடுத்துவிட்டு இடுப்புக்குத் தோல் கச்சை கொடுத்தார்கள். உட்கார்ந்தாள், நின்றாள், என் தோளைப் பிடித்து வாசல்வரை நடந்தாள். பிறகு எக்ஸ்சேஞ்சுக்கே திரும்பி வந்தாள்.

அப்போதுதான் தேவராஜ் அண்ணன் கட்டிலைப் பிரிப்பதைப் பற்றிப் பேசினார். நல்ல சில்வர் ஓக், ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யலாம் என்றார். நாங்கள் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். சுலோசனா டம்ளரைக் கீழே வைத்தாள். "பிரிக்கக் கூடாது" என்றாள். "அகலமாக்கணும்."

"நீதான் இப்போ உக்காந்தே வரலாமே?"

"வரலாம். தூங்கும்போது படுக்கணுமில்ல? நான் உள்ள, நீங்க வெளிய தார்பாயில. எத்தினி நாளைக்கு?"

ராஜம்மாக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ரஹீம் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார். அண்ணனின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அடுத்த வாரமே பக்கத்தில் இன்னொரு பலகை ஏறியது. நோயாளிக்காகச் செய்தது ஒரு குடும்பத்தின் கட்டிலானது அப்படித்தான். "படுத்த படுக்கையாக் கெடந்தவ" என்று சொன்ன அம்மாளுக்கு இதைத்தான் நான் சொல்ல விரும்பினேன். அவள் படுத்திருந்தது இரண்டு வருஷம். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஊர் சுற்றினாள். சிவனசமுத்திரம், பேலூர், ஒருமுறை மகாபலிபுரத்துக் கடல். குழந்தை இல்லையே என்று வருத்தப்பட்ட உறவினர்களிடம், "புள்ள இருக்கறவங்க ஊர் சுத்த பள்ளிக்கூடம் லீவு பாத்துக்கினு இருக்கறாங்க, நாங்க மழை மட்டுந்தான் பாக்கறோம்" என்பாள். வருத்தம் அவளுக்கும் இருந்தது. என்னிடம் இரண்டொரு முறை சொல்லியிருக்கிறாள். ஆனால் அதை அவர்களிடம் காட்ட மாட்டாள்.

என்னை வண்டி ஓட்டக் கற்கவைத்ததும் அவள்தான். கச்சை கட்டிய இடுப்போடு அவளால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. "நீ கத்துக்க" என்றாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு ஒற்றை அறையில் இருந்த எனக்கு ஸ்டேஷன் வேகன் எதற்கு என்று கேட்டேன். "ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்தா, நாம காட்டுலயே குடும்பம் நடத்தறதா?" என்றாள். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் பாய் கற்றுக்கொடுத்தார். சுலோசனா பின்னால் உட்கார்ந்து, "ஸ்வல்ப மெதுவா, ஸ்வல்ப மெதுவா" என்று கன்னடத்திலும் தமிழிலும் உத்தரவு போட்டாள். பையன்கள் கூடிக் கைதட்டினார்கள். நான் லைசென்ஸ் வாங்கிய அன்று, தான் வேலைக்குத் திரும்பி வந்தபோதுகூட அப்படிச் சந்தோஷப்படாதவள், எக்ஸ்சேஞ்ச் முழுக்க லட்டு கொடுத்தாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், இதுதான். அவள் சேலை ஒன்றை ராஜம்மாக்கா கொடுத்தார். அது பெட்டியில் இருக்கிறது. ஆனால் நான் பயன்படுத்துவது ஓட்டத் தெரிந்த இந்தக் கைகளை. ஒரு சாலையைப் பார்த்தால் அது எங்கே போகும் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. முன்பு தோன்றியதில்லை.

போன வாரம் அஸ்தியைக் கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். பாய்க்குக் கடையை விட முடியவில்லை. அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, சாவியை என்னிடம் நீட்டினார். "என்னால முடியாது பாக்கியம்" என்றார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜம்மாக்கா மடியில் கலசத்தோடு பின்னால். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அண்ணன் கண் மூடவில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். கெங்கேரிவரை நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிடதி தாண்டியதும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராமநகரத்தில் காபிக்கு நிறுத்துவதாகப் பேசி வைத்திருந்தோம். ஓட்டல் கண்ணுக்குத் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து ராஜம்மாக்கா என் தோளைத் தொட்டார்.

"நிறுத்தாத. அவன் தூங்கறான்" என்றார் மெதுவாக. "நீ ஓட்டு."

நான் ஓட்டினேன்.